வாயில்லாப் பொறி பாடுவது எவ்வாறு?



எண்களைக் கூட்டவும் பெருக்கவும், சமன்பாடுகளுக்கு வரைபு கீறிக் காட்டவும் அமைந்த சிறு பொறி ஒன்று உண்டு. வரைபுக் கணிப்பான் என்பது அதன் பெயர். உள்ளங்கையில் அடங்கும் அப்பொறிக்குத் திரை உண்டு. விரல் படும் சாவிகள் உண்டு. ஆனால் வாய் இல்லை. ஒலி எழுப்பும் கருவி எதனையும் செய்தவர்கள் அதனுள் வைக்கவில்லை. அத்தகைய பொறியைக் கொண்டு இசை எழுப்ப முடியுமா? முடியுமெனின் எவ்வாறு? அதனால் நம் பிள்ளைகளுக்கு விளையும் பயன் யாது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே இப்பேச்சின் நோக்கமாகும்.

நான் பொறியியல் கற்றவன் அல்லன். கலைப் பட்டம் பெற்று, திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய அரசினர் பாடசாலை ஒன்றில் அதிபராய் இருப்பவன். ஆகவே கலைச்சொற்களை அடுக்கிச் செல்லாமல், எனக்கு விளங்கிய வழியிலேயே உங்களையும் அழைத்துச் செல்ல எண்ணுகிறேன். கூட்டலும் பெருக்கலும் தெரிந்த எவரும் இதனைத் தொடர்ந்து வரலாம்.

முதலில் பொறியைப் பற்றிச் சில சொற்கள். கடைக்கு வந்த முதல் வரைபுக் கணிப்பான், யப்பானிய நிறுவனமாகிய கசியோ 1985 ஆம் ஆண்டில் வெளியிட்ட எஃப்.எக்ஸ்.-7000ஜி என்பதாகும். பின்னர் அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 1990 இல் டி.ஐ.-81, 1996 இல் டி.ஐ.-83, 2004 இல் டி.ஐ.-84 பிளஸ் எனப் பல வகைகளை வெளியிட்டது. அமெரிக்காவில் மேல் வகுப்பு மாணவர் பலருடைய புத்தகப் பையில் இஃது இடம்பெற்றது. நம் நாட்டிலோ பரீட்சை மண்டபத்தில் மாணவர் புரட்டுவது மடக்கை அட்டவணையையே ஆகும். எனவே இப்பொறி இங்கு அரிதாகவே காணப்படும். கடல் கடந்து வாழும் உறவினரின் பிள்ளைகள் படிப்பை முடித்த பின்னர், இலாச்சியில் உறங்கிக் கிடந்த கணிப்பான் பயணப் பெட்டியில் ஏறி இங்கு வந்து சேர்வதுண்டு. எமது பாடசாலைக்கு ஒரு டி.ஐ.-83 வந்து சேர்ந்ததும் அவ்வாறேயாம்.

இனி, ஒலி என்பது யாதெனப் பார்ப்போம். சிறுவர்கள் துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்துக் கம்பிகளின் நடுவே ஒரு மட்டைத் துண்டைப் பிடித்து, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி விளையாடுவதை நாம் கண்டிருக்கிறோம். சக்கரம் மெல்லச் சுழலும்போது "டக், டக்" என்று ஒவ்வொரு தட்டும் தனித்தனியே கேட்கும். விரைவு கூடக் கூடத் தட்டுக்கள் ஒன்றோடொன்று கலந்து ஒரே தொனியாகின்றன. மேலும் விரைவு கூடினால் தொனி உயர்கின்றது. 36 கம்பிகளையுடைய சக்கரம் ஒரு செக்கனில் 5 தடவை சுற்றினால், மட்டையில் 180 தட்டுக்கள் விழும். அத்தொனியின் மீடிறன் 180 ஹேர்ட்ஸ் என்று விஞ்ஞான நூல்கள் கூறும். மட்டைக்குச் சங்கீதம் தெரியாது, கம்பிக்கும் தெரியாது. ஒரே வகையான தட்டு, ஒரே அளவான இடைவெளியில், செக்கனுக்கு இத்தனை தடவை என்று நிகழ்ந்தாற் போதும். நம் செவி அதனைச் சுரமாக ஏற்றுக்கொள்ளுகின்றது.

ஆகவே தொனியை எழுப்ப நமக்கு வேண்டியவை இரண்டே. ஒன்று, தட்டும் தொழில். மற்றொன்று, காலத்தைப் பிசகாமல் எண்ணும் தொழில். இரண்டாவது தொழிலிற் கணிப்பானை வெல்லுவார் யார்? முதலாவது தொழிலுக்கு அதற்கு ஒரு கை வேண்டும். அந்தக் கை எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

டி.ஐ.-83 கணிப்பானின் அடிப்புறத்திலே 2.5 மில்லிமீற்றர் அளவான சிறு துளை ஒன்று உண்டு. ஒரு கணிப்பானில் உள்ள கணக்குகளையும் செயல்நிரல்களையும் மற்றொன்றுக்கு அனுப்பும் கம்பியைச் செருகுவதற்கென்றே அத்துளை வைக்கப்பட்டது. அதனுள்ளே இரண்டு தரவுக் கம்பிகளும் ஒரு பொதுக் கம்பியும் உள்ளன. ஒவ்வொரு தரவுக் கம்பியையும் மின்னழுத்தம் உயர்ந்த நிலையிலோ தாழ்ந்த நிலையிலோ வைக்கக் கணிப்பானால் இயலும். உயர்வு, தாழ்வு என்னும் இரண்டு நிலைகளைத் தவிர மூன்றாவது நிலை இல்லை. அவ்விரு நிலைகளை மாற்றி மாற்றி அமைத்தே ஒரு பொறி மற்றப் பொறியுடன் பேசுகின்றது. கப்பல்களிலும் தந்தி நிலையங்களிலும் முற்காலத்தில் ஒரே ஒரு சாவியை அழுத்தியும் விடுத்தும் மோர்ஸ் முறையிற் செய்தி அனுப்பினார்கள் அல்லவா? இதுவும் அது போன்றதே.

இத்துளையில் மற்றொரு கணிப்பானுக்குப் பதிலாக ஓர் ஒலிபெருக்கியை இணைத்தால் என்ன நிகழும்? கம்பி உயர்நிலைக்குச் செல்லும்போது ஒலிபெருக்கியின் கடதாசிக் கூம்பு ஒரு புறம் அசையும். தாழ்நிலைக்கு வரும்போது மறுபுறம் அசையும். அந்த ஓரசைவு ஒரு "டக்". அதனைச் செக்கனுக்கு நூற்றுக்கணக்கான தடவை ஒழுங்காகச் செய்வித்தால் அதுவே தொனி. மட்டைத் துண்டு கம்பியாகவும், மிதிகட்டையைச் சுழற்றிய கை எண்ணிக்கையாகவும் மாறிவிட்டன. இதில் வேறு மாயம் ஒன்றுமில்லை.

எண்ணிக்கை எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். விரும்பும் நேயர்கள் பென்சிலை எடுத்துக்கொள்ளலாம். டி.ஐ.-83 இன் உள்ளே இருப்பது இசட்-80 என்னும் செயலி. அது செக்கனுக்கு ஏறத்தாழ 60 இலட்சம் துடிப்புக்களோடு தொழிற்படுகின்றது. நமக்கு 440 ஹேர்ட்ஸ் தொனி வேண்டும் என்று கொள்வோம். ஒவ்வோர் அலைக்கும் ஓர் உயர்வும் ஒரு தாழ்வும் வேண்டுமாதலால், கம்பியின் நிலை செக்கனுக்கு 880 தடவை மாறவேண்டும். 60 இலட்சத்தை 880 ஆல் வகுத்தால் 6,818 வரும். அதாவது, ஒரு மாற்றத்துக்கும் அடுத்த மாற்றத்துக்கும் இடையே செயலி 6,818 துடிப்புக்கள் காத்திருக்க வேண்டும்.

செயலிக்குச் சும்மா இருக்கத் தெரியாது. ஆகவே அதனிடம் ஓர் எண்ணைக் கொடுத்து, "இதனை ஒவ்வொன்றாகக் குறைத்துச் சூனியமாகும் வரை எண்ணு" என்று கட்டளையிடுகிறார்கள். ஒரு தடவை குறைத்துச் சரிபார்க்க 26 துடிப்புக்கள் செல்லும் வகையில் அக்கட்டளையை எழுதலாம். 6,818 ஐ 26 ஆல் வகுத்தால் 262. எனவே 262 வரை எண்ணு, நிலையை மாற்று. மீண்டும் 262 வரை எண்ணு, நிலையை மாற்று. இவ்வளவே அந்தப் பாட்டு! அதனை நம் மத்திம தாயியின் சட்ஜமாக வைத்துக்கொண்டால், மேல் சட்ஜம் அதன் இரு மடங்காகிய 880 ஹேர்ட்ஸ். அதற்குரிய எண் 262 இன் பாதியாகிய 131. பஞ்சமம் ஒன்றரை மடங்காகிய 660 ஹேர்ட்ஸ். அதற்குரிய எண் 175. தொனி உயர உயர எண் குறைகின்றது என்பதைக் கவனியுங்கள். வீணையில் மேல் சுரத்துக்குச் செல்லத் தந்தியின் அதிரும் நீளம் குறைவது போலவே, இங்கே காத்திருக்கும் காலம் குறைகின்றது.

இவ்விடத்தில் நம் கிழக்கு மாகாணம் ஈன்ற பேரறிஞர் ஒருவரை நினையாமல் அப்பாற் செல்ல இயலாது. காரைதீவிற் பிறந்து, விஞ்ஞானப் பட்டமும் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதப் பட்டமும் பெற்று, திருகோணமலை இந்துக் கல்லூரியின் வளர்ச்சிக்கும் உழைத்தவர் சுவாமி விபுலாநந்தர். பழந்தமிழரின் யாழ்க் கருவிகளையும் பண் முறைகளையும் ஆராய்ந்து அவர் இயற்றிய "யாழ் நூல்" 1947 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார். வழக்கொழிந்த யாழின் இசையைச் செவியாற் கேட்க வழியில்லாத நிலையில், சிலப்பதிகாரம் முதலிய நூல்களிற் கிடைத்த குறிப்புக்களைக் கொண்டு, நரம்புகளின் சுருதி அளவுகளை விகிதங்களாக எண்ணிக் கணக்கிட்டவர் அவர். பண்ணுக்கு அடியில் எண் உண்டு என்னும் உண்மையைத் தமிழுலகுக்கு விரிவாக எடுத்துக் காட்டிய பெருநூல் அது. கணிப்பான் பாடுவதும் அதே உண்மையின் சிறியதொரு விளக்கமேயாம்.

அவ்வுண்மையை நம் மாணவர் தாமே சோதித்துப் பார்க்க மடக்கை அட்டவணை ஒன்றே போதும். பஞ்சமத்தின் விகிதம் ஒன்றரை. அதன் மடக்கை 0.1761. பஞ்சமத்திலிருந்து மேல் சட்ஜத்துக்குரிய விகிதம் மூன்றில் நான்கு, அதாவது 1.333, அதன் மடக்கை 0.1249. இரண்டையும் கூட்டினால் 0.3010, அது 2 இன் மடக்கை. 2 என்பது முழுத் தாயி அன்றோ? எண்கள் பெருகும்போது செவி கூட்டுகின்றது. 440 இலிருந்து 880 க்குச் செல்வதும், 880 இலிருந்து 1,760 க்குச் செல்வதும் நம் செவிக்கு ஒரே அளவான படியாகவே தோன்றுகின்றன. மடக்கை என்பது பரீட்சைக்கென்று எவரோ புனைந்த தொல்லை என எண்ணும் மாணவனுக்கு, அவனுடைய செவியே பிறந்த நாள் முதல் மடக்கைக் கணக்கைச் செய்து வருகின்றது என்று சொல்லிப் பாருங்கள். அவன் அட்டவணையைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

கணக்குப் பொறியைப் பாடச் செய்யும் ஆசை இன்று நேற்றுத் தோன்றியதன்று. கணினிகள் அறையை நிறைத்த பெரும் பொறிகளாய் இருந்த காலத்திலேயே அது தோன்றிவிட்டது. அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் அமைக்கப்பட்டு, பின்னர் சி.எஸ்.ஐ.ராக் என்று பெயர் பெற்ற கணினியில் ஓர் ஒலிபெருக்கி இருந்தது. அது பாட்டுக்காக வைக்கப்பட்டதன்று. வேலை முடிந்ததையோ நின்றதையோ பொறியை இயக்குபவருக்கு அறிவிக்கும் சமிக்ஞையாகவே வைக்கப்பட்டது. ஜெஃப் ஹில் என்னும் கணிதவியலாளர் அவ்வொலிபெருக்கிக்குச் செல்லும் துடிப்புக்களைத் தக்க இடைவெளிகளில் அனுப்பிப் பாட்டு இசைக்கச் செய்தார். 1951 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திற் சிட்னியில் நடைபெற்ற கணினி மகாநாட்டில் அறிஞர்கள் அதனைக் கேட்டார்கள். அக்கணினியின் நினைவகத்தில் எண்கள் பாதரசக் குழாய்களினூடே ஒலித் துடிப்புக்களாய் ஓடிக்கொண்டிருந்தன. ஓர் எண் வந்து சேரும் நேரம் அது நிற்கும் இடத்தைப் பொறுத்து வேறுபடும். அந்த வேறுபாட்டையெல்லாம் கணக்கில் எடுத்தே அவர் தாளம் பிசகாமல் இசையமைக்க வேண்டியிருந்தது.

அதே 1951 இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஃபெராண்டி கணினி இசைத்த பாட்டுக்களைப் பி.பி.சி. நிறுவனம் ஒலிப்பதிவு செய்தது. அப்பதிவு 2016 ஆம் ஆண்டில் நியூசிலாந்து ஆராய்ச்சியாளரால் செப்பம் செய்யப்பட்டு, இன்று நாமும் கேட்கக்கூடியதாக உள்ளது. பின்னர், 1975 இல், கலிபோர்னியாவில் ஸ்டீவ் டாம்பியர் என்பவர் ஆல்டெயர் என்னும் சிறு கணினியை நண்பர் கூட்டம் ஒன்றில் இயக்கினார். அப்பொறியில் ஒலிபெருக்கியும் இல்லை. இணைக்கக் கம்பியும் இல்லை. பொறியிலிருந்து கசிந்த மின் அலைகள் அருகே வைத்த சாதாரண வானொலிப் பெட்டியில் இரைச்சலாய்ப் புகுந்தன. அந்த இரைச்சலையே ஒழுங்குபடுத்திப் பாட்டாக்கினார் அவர். வானொலி நேயர்களாகிய நீங்களும் இதன் சாயலை வீட்டிற் காணலாம். மத்திய அலை எடுக்கும் பெட்டியை நிலையம் இல்லாத இடத்தில் நிறுத்தி, கணினியையோ எண் பொறி எதனையோ அருகே கொண்டு சென்றால், அப்பொறி வேலை செய்வதற்கேற்ப இரைச்சல் மாறுவதைப் பெரும்பாலும் கேட்கலாம்.

இனிச் செய்முறைக்கு வருவோம். கணிப்பானின் 2.5 மில்லிமீற்றர் துளைக்கும், வழக்கமான ஒலிபெருக்கியின் 3.5 மில்லிமீற்றர் செருகிக்கும் பொருத்தம் இல்லை. இரண்டையும் இணைக்கும் சிறு மாற்றி இலத்திரனியற் கடைகளிற் கிடைக்கும். கணிப்பானின் கம்பி தரும் மின்னோட்டம் மிகச் சிறிது. அதனால் ஒலிபெருக்கி தன்னுள்ளே விரியலாக்கி அமைந்ததாய், தனக்கென மின்கலமோ மின் வழங்கலோ உடையதாய் இருத்தல் வேண்டும். கணினியோடு வைக்கும் சாதாரணச் சிறு பெட்டிகள் இதற்குப் போதும்.

செயல்நிரலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கணிப்பானிலே மாணவர் எழுதும் எளிய மொழி ஒவ்வொரு வரியையும் வாசித்து விளங்கி நடத்துவதால் மிக மெதுவானது. மேலும் அது துளையின் கம்பிகளை நேரே ஆள விடாது. ஆகவே செயலிக்கு நேரடியாக விளங்கும் பொறி மொழியிலே நிரல் எழுதப்பட வேண்டும். அத்தகைய நிரல்களை ஆர்வலர் பலர் எழுதிப் பொதுவில் வைத்துள்ளனர். அவற்றைக் கணினியிலிருந்து கணிப்பானுக்கு அனுப்பும் கம்பி ஒன்று இருந்தாற் போதும்.

எச்சரிக்கைகளும் உண்டு. முதன்முதலில் ஒலியளவைக் குறைத்து வைத்தே தொடங்க வேண்டும். கணிப்பான் எழுப்பும் தொனிக்கு மென்மை, வன்மை என்னும் வேறுபாடு இல்லை. எழுந்தால் முழு வலுவோடு எழும். ஆகவே செவியினுட் செருகும் கருவியை இதில் இணைத்துக் கேட்டல் ஆகாது. துளையில் ஒலிபெருக்கியின் செருகியன்றி வேறு மின் கம்பி எதனையும் பிள்ளைகள் வைக்காதவாறு ஆசிரியர் அருகில் இருத்தல் வேண்டும். இன்னொன்று: 2015 ஆம் ஆண்டில் வெளிவந்த வண்ணத்திரை கொண்ட டி.ஐ.-84 பிளஸ் சி.இ. என்னும் வகையில் இந்தத் துளையே இல்லை. எனவே பழைய கணிப்பானை அனுப்ப முன்வரும் உறவினரிடம், அடிப்புறத்தில் வட்டத் துளை உண்டா என்று முதலிற் கேட்டறிக.

கணிப்பானின் தொனியைக் கேட்பவர் யாவரும் அது புல்லாங்குழல் போல இனிதாய் இல்லை, வண்டு இரைவது போல இருக்கின்றது என்பர். அதற்குக் காரணமும் பாடமாகும். குழலின் அலை வளைந்து ஏறி வளைந்து இறங்கும். கணிப்பானின் அலையோ நேரே ஏறி, மட்டமாய் நின்று, நேரே இறங்கும். அதனைச் சதுர அலை என்பர். எந்த மீளும் அலையையும் எளிய சைன் அலைகளின் கூட்டாக எழுதலாம் என்று பிரான்சிய அறிஞர் ஃபூரியர் வெப்பத்தைப் பற்றி 1822 இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். அதன்படி சதுர அலையில் அடிப்படைத் தொனியுடன் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு, ஏழு மடங்கு மீடிறனுள்ள மேற்றொனிகள் முறையே மூன்றிலொரு பங்கு, ஐந்திலொரு பங்கு, ஏழிலொரு பங்கு வீச்சத்தோடு கலந்துள்ளன. அவையே அந்த இரைச்சலுக்குக் காரணம்.

இதனைக் காட்டவும் அதே கணிப்பான் உதவுகின்றது. முதலிற் சைன் வரைபை மட்டும் கீறச் செய்க. பின்னர் மூன்று மடங்குச் சைனின் மூன்றிலொரு பங்கைக் கூட்டுக. அதன்பின் ஐந்து மடங்குச் சைனின் ஐந்திலொரு பங்கைக் கூட்டுக. ஒவ்வொரு தடவையும் மலையின் உச்சி தட்டையாகி, சரிவு செங்குத்தாகி, வரைபு சதுரத்தை நெருங்கி வருவதை மாணவர் காண்பர். திரையிலே கண் காணும் உருவமும், துளையின் வழியே செவி கேட்கும் உருவமும் ஒன்றேயாகின்றன. திரிகோண கணிதம் முக்கோணத்தோடு முடிந்துவிடுவதில்லை என்பதை இதைவிடத் தெளிவாக எடுத்துக் காட்டுவது அரிது.

நேயர்களே, இதுவரை கூறியவை விளையாட்டாகத் தோன்றலாம். "பாட்டுக் கேட்க வானொலி இருக்க, கணிப்பான் எதற்கு?" என்று கேட்பவரும் உளர். நியாயமான கேள்வியே. ஆயினும் இவ்விளையாட்டின் உள்ளே ஒரு கனமான பொருள் இருக்கின்றது.

வரைபு என்பது நம் வகுப்பறையிற் கண்ணுக்கு மட்டும் உரியதாய் இருந்து வருகின்றது. "இதோ பாருங்கள், வளையி ஏறுகின்றது; இங்கே திரும்புகின்றது" என்று ஆசிரியர் கரும்பலகையைச் சுட்டிக் காட்டுகிறார். பார்வை குன்றிய பிள்ளைக்கு அந்த "இதோ" என்னும் சொல்லில் யாதொரு பொருளும் இல்லை. இரத்மலானையிலும் கைதடியிலும் பார்வையற்ற பிள்ளைகளுக்கெனச் சிறப்புப் பாடசாலைகள் உண்டு. ஆயினும் அவர்களுட் பலர் சாதாரணப் பாடசாலைகளிலும் நம் பிள்ளைகளோடு அமர்ந்து கற்கின்றனர். மொழியையும் சரித்திரத்தையும் செவி வழியே கற்கும் அவர்கள், வரைபு வந்தவுடன் வாசலில் நிற்கவேண்டியவர் ஆகின்றனர். திறமை இல்லாமையால் அன்று. வரைபைக் கண்ணுக்கு மட்டும் எழுதி வைத்தோம் என்பதனால்.

எமது பாடசாலையிலும் பார்வை மிகக் குறைந்த மாணவி ஒருத்தி இருக்கின்றாள். கணித ஆசிரியர் ஒருவர், மேலே கூறிய முறையில் கணிப்பானை ஒலிபெருக்கியோடு இணைத்து, வரைபின் உயரத்துக்கு ஏற்பத் தொனி உயருமாறு ஒரு நிரலை அமைத்தார். எடுத்துக்கொண்ட சார்பு, எக்சின் நான்கு மடங்கிலிருந்து எக்சின் வர்க்கத்தைக் கழிப்பது. எக்ஸ் 0 ஆகும்போது உயரம் 0. 1 ஆகும்போது 3. 2 ஆகும்போது 4. 3 ஆகும்போது மீண்டும் 3. 4 ஆகும்போது 0. உயரம் 0 க்கு 200 ஹேர்ட்ஸ் என்றும், உயரம் ஒவ்வோர் அலகு கூடும்போது 100 ஹேர்ட்ஸ் கூடும் என்றும் வைத்தால், தொனி 200, 500, 600, 500, 200 எனச் செல்லும். இடைப்பட்ட புள்ளிகளும் சேர்ந்து ஒலித்தபோது, தொனி முதலில் விரைந்து ஏறிற்று, பின்னர் ஏற்றம் தளர்ந்தது, ஒரு கணம் நின்றது போல இருந்தது, அதன்பின் இறங்கிற்று. "சேர், இப்ப உச்சிக்கு வந்திட்டுது. இனி இறங்கும்" என்றாள் அம்மாணவி. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் வாய் திறக்கும் முன்னரே அவள் சொல்லிவிட்டாள். ஏற்றம் தளர்வதை அவள் செவி முன்கூட்டியே உணர்ந்தது. அத்தளர்ச்சியை எண்ணால் அளப்பதே வகையீட்டு நுண்கணிதத்தின் தொடக்கம் என்று கணித ஆசிரியர் எனக்கு விளக்கினார்.

செவியால் அளவறிதல் எங்கள் துறைமுகத்துக்குப் புதிதன்று. கப்பல்களின் மோதலைத் தடுப்பதற்கான 1972 ஆம் ஆண்டின் சர்வதேச விதிகள், ஊதுகொம்பின் மீடிறனைக் கப்பலின் நீளத்துக்கேற்ப வகுத்துள்ளன. 200 மீற்றரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பலுக்கு 70 முதல் 200 ஹேர்ட்ஸ் வரை. 75 மீற்றர் முதல் 200 மீற்றருக்கு உட்பட்டதற்கு 130 முதல் 350 வரை. அதனிலும் சிறியதற்கு 250 முதல் 700 வரை. பனிமூட்டத்திலும் இருளிலும் கண் உதவாதபோது, கொம்பின் தாழ்ந்த குரலைக் கேட்டே பெருங்கப்பல் வருகின்றது என்று மாலுமி அறிகிறான். நீளம் என்னும் எண் தொனியாக மாறி அவன் செவியை அடைகின்றது. கடலில் உயிர்களைக் காக்கும் இம்முறை, வகுப்பறையில் ஒரு பிள்ளையின் கல்வியைக் காக்க உதவாதா?

உலகின் பிற இடங்களில் இது முறையான கருவியாகவே வந்துவிட்டது. அமெரிக்காவில் பார்வையற்றோருக்கான அச்சகம் என்னும் பழைய நிறுவனமும் ஆர்பிட் ரிசர்ச் என்னும் நிறுவனமும் சேர்ந்து, டி.ஐ.-84 பிளஸ் கணிப்பானோடு பொருந்தும் பேசும் பகுதி ஒன்றை ஓரியன் என்ற பெயரில் வெளியிட்டன. அது சாவிகளையும் விடைகளையும் வாசித்துச் சொல்வதோடு வரைபையும் ஒலியாக்கித் தருகின்றது. அதன் விலை நம் பாடசாலைகளுக்கு எட்டாததாய் இருக்கலாம். எனினும் மனம் தளர வேண்டியதில்லை. டெஸ்மோஸ் என்னும் வரைபுச் செயலி கைப்பேசியிலும் கணினியிலும் கட்டணமின்றிக் கிடைக்கின்றது. அதன் ஒலி வழி காட்டும் பகுதியைத் திறந்தால், வரைபு உயரும்போது தொனி உயரும், தாழும்போது தாழும், கிடை அச்சுக்குக் கீழே சென்றால் ஓர் இரைச்சலும் உடன் சேர்ந்து அதனை அறிவிக்கும். கணிப்பான் இல்லாத பாடசாலையிலும் ஆசிரியர் ஒருவரின் கைப்பேசி இருக்கும் அன்றோ?

ஆயின், கைப்பேசியே இதனைச் செய்யுமெனில் பழைய கணிப்பானை ஏன் தேட வேண்டும் என்ற வினா எழலாம். கைப்பேசி ஒலியைத் தருகின்றது. ஆனால் ஒலி பிறக்கும் விதத்தை மறைத்துவிடுகின்றது. கணிப்பானோ, 262 வரை எண்ணி ஒரு கம்பியைத் தட்டுகின்றது என்பதை ஒளிக்காமற் காட்டுகின்றது. முன்னையது வரைபைக் கற்பதற்குக் கருவி. பின்னையது ஒலியைக் கற்பதற்குக் கருவி. இரண்டும் வகுப்பறையில் வேண்டற்பாலனவே.

நம் ஆசிரியர்களுக்கு நான் விடுக்கும் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை வரைபுப் பாடம் எடுக்கும்போது, ஒரு வரைபையேனும் வகுப்புக்குக் கேட்கச் செய்யுங்கள். கணிப்பான் உண்டெனில் அதனாற் செய்யுங்கள். கைப்பேசி உண்டெனில் அதனாற் செய்யுங்கள். ஒன்றுமே இல்லையெனில், சங்கீத ஆசிரியரை அழைத்து, கரும்பலகையில் வளையி ஏறி இறங்குவதற்கேற்ப அவர் குரலை ஏற்றி இறக்கிப் பாடச் சொல்லுங்கள். பெற்றோருக்கும் ஒரு சொல்: பார்வை குன்றிய பிள்ளைக்குக் கணிதம் வராது என்று வீட்டில் முடிவு கட்டிவிடாதீர்கள். அப்பிள்ளையின் செவியில் அட்டவணையும் உண்டு, அளவுகோலும் உண்டு.

எண்ணும் பொறிக்கு வாய் வைக்க மறந்தார்கள். அதற்கிருந்த சிறு துளையே வாயாயிற்று. ஒரு வாசல் இல்லாத இடத்தில் மற்றொரு வாசல் உண்டா என்று தேடுவதே கல்வியின் தொழில். அந்தத் தேடல் நம் பாடசாலைகளில் ஓங்குக.